நீலம்

கெய்சர் வீதியில் டோர்ச் ஒன்று கேட்டேன்.
பற்றரி போடுறதா அக்கா, என்றான் கடைப்பெடியன்.
இல்லை தம்பி, சீனி உருக்கிறது.

உள்ளே போனவன் மூன்றைக் கொண்டுவந்து
பழைய பேப்பரில் கிடத்தினான்.
ஒன்று பேனை அளவு, சுருட்டுப் பற்றவைக்கக் காணும்.
இன்னொன்று பைப் ஒட்டுகிறவர்களுடையது,
தூக்கினால் துறைமுகத்தில் வேலை கேட்கலாம்.
மூன்றாவது வெறும் கழுத்து.
காஸ் டின்னின் தலையில் திருகிக்கொள்வது.

பூட்டு இருக்கா?
இருக்கு.
சுவாலையைக் குறைக்க ஏலுமா?
ஏலும்.
சரிச்சுப் பிடிச்சால் மஞ்சளாய்ச் சீறுமா?
பெடியன் நிமிர்ந்து பார்த்தான்.
உங்களுக்குப் பழக்கமோ?

பழக்கமில்லை. பார்த்திருக்கிறேன்.
வெறும் சிலிண்டர்கள் சங்கிலியில் கோத்தபடி
றோட்டோரம் நாட்கணக்காய்க் காத்துக் கிடந்த வருஷம்,
செட்டியார் தெருவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
என் காப்பை நறுக்கிக் குகையில் போட்டு
ஒருவர் நீலத்தால் ஊதினார்.
சிவந்தது. வியர்த்தது. சட்டென்று
ஒரே துளியாய்த் திரண்டு நடுங்கியது.
வாடகை மூன்று மாதம் பாக்கி.
நானோ வெட்கமில்லாமல்
எவ்வளவு வடிவு என்று நின்றேன்.

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
பம்பலப்பிட்டிப் பிறந்தநாளுக்கு இருபத்துநாலு கப் வட்டிலப்பம்.
மேலே கண்ணாடிபோல் சீனி வேணுமாம்.
வட்டிலப்பத்துக்கு நெருப்பா என்று
கீழ்வீட்டு பரீனா சிரித்துவிட்டுப் போனாள்.

கடற்காற்று சுவாலையை என் பக்கமே வளைக்கிறது.
யன்னலைச் சாத்து. துவாயை எடுத்து அப்பால் போடு.
கப்புகளைத் தகரத் தட்டில் வை.
முதலில் வெறுங்காற்றில் பற்றவை,
டின் கொஞ்சம் சூடாகட்டும், அதுவரை சரிக்காதே.
உள்நீலம் சீனியைத் தொடக்கூடாது,
தொட்டால் காஸ் மணக்கும்.
ஒரு சாண் தள்ளி, நின்ற இடத்தில் நிற்காமல்,
தோசைக்கு மா இழுக்கிற கைபோல.

முதலாவது கரி.
இரண்டாவது, மேற்பகுதி ஈரம்; துடைக்க மறந்துபோனேன்.
சீனி அழுததே தவிர இறுகவில்லை.
மூன்றாவதில் ஓரம் நுரைத்து
தேன், தேனீர், இன்னும் கொஞ்சம்,
போதும். நிற்பாட்டின பிறகும்
அது தன்பாட்டில் ஒரு நிறம் கறுக்கும்,
அதற்கும் சேர்த்துத்தான் போதும்.

கரண்டியால் தட்டினேன். டக்.
பொலித்தீனுக்குள் நகம் உடைந்ததுபோல் சின்னச் சத்தம்.
அதைக் கேட்க இன்னுமொருக்கால் தட்டி
விற்க வேண்டியதை உடைத்துவிட்டேன்.

இருபத்தொன்று பெட்டிக்குள்.
மூன்றின் காசைப் பில்லில் கழித்தாயிற்று.
பூட்டைப் போட்டேன், திரும்பவும் போய்ப் பார்த்தேன்.
இடது மணிக்கட்டில், காப்பு கிடந்த இடத்துக்குச் சற்று மேலே,
சீனி தெறித்த ஒரு புள்ளி எரிகிறது.
கருகினதைச் சுரண்டி எறிந்துவிட்டு
அடியில் மிஞ்சினதைத்
தின்றுகொண்டிருக்கிறேன், நின்றபடியே.