பாக்கி

வங்கிக்காரப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள்.
"அக்கா, இந்த மோட்டார் சைக்கிள்?"
எந்த மோட்டார் சைக்கிள்?
"மூன்று மாதம் கட்டவில்லையே."

வேன் ஓட்டுவேன். லாரிகூட ஒருமுறை நகர்த்தியிருக்கிறேன்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவே
எனக்கு வயிறு கலங்கும்.
பள்ளிப் பிள்ளைகளை ஏற்ற
பழைய வேன் ஒன்று, இருபத்திரண்டாயிரம் வெள்ளி,
கேட்டது அவ்வளவுதான்.

சுங்கைப் பட்டாணியிலிருந்து பாடாங் செராய்க்கு
செம்பனைக்குப் பின்னால் செம்பனை.
பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம்
விளக்குக் கம்பத்தில் மஞ்சள் ஸ்டிக்கர்:
பணம் வேண்டுமா, இன்றே, ஜாமீன் வேண்டாம்.
கம்பம் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.
எங்கள் வரிசையில்
பதினாலாம் நம்பருக்கு வந்த சிவப்புச் சாயத்தை
நாற்பத்தொன்றின் கதவில் ஊற்றிப் போனார்கள் போன வருடம்.
தப்பு என்று எழுதிக்கொடுக்க
அங்கே கவுண்டர் இல்லை.

இங்கே இருக்கிறது. எண் 3087, நாற்காலி காலியில்லை.
கையுறை ஆலையில் பதினொரு வருடம்
தேய்ந்த கட்டைவிரலை
இயந்திரம் நான்குமுறை யாரென்று கேட்டது.
ஐந்தாவதில் நம்பியது.
ஒன்பது பக்கம் துப்பியது.

தனபாக்கியம், லெட்சுமணனின் மகள்.
தனபாக்கியம், லெச்சுமணனின் மகள்.
எங்கள் தோட்டத்துக் கிராணி
அப்பா பெயரில் ஒரு 'டி' போட்டு எழுதினார்.
ஏதோ ஒரு தோட்டத்தில் ஏதோ ஒரு கிராணி
போடாமல் விட்டார்.
ஐசி நம்பரிலும் ஓர் எண்தான் வித்தியாசம்.
அந்த ஓட்டை வழியாக
என் தாளுக்குள் வந்து நின்றது
நான் பார்த்தேயிராத ஒரு மோட்டார் சைக்கிள்.

பிறப்புப் பத்திரம், ஐசி நகல்,
நான் நானேதான் என்று
ஆணையர் முன்னால் நான்கு வெள்ளிக்குச் சத்தியம்.
முத்திரை குத்தியவர் தலை நிமிரவில்லை.

ஆனால் ஏழாம் பக்கத்தில்
இன்னொன்று இருந்தது.
கார்டு. ஒரு 'டி'யும் குறையவில்லை.
மகனுக்கு டெங்கி வந்த மாதம்,
ஆலையில் ஓவர்டைம் நிறுத்திய மாதம்:
பூச்சியம் பூச்சியம் ஒன்று இரண்டு.
பூச்சியத்துக்கு மதிப்பிருக்கிற
ஒரே தாள் இதுதான்.
"இதையும் எடுக்க முடியுமா?"
பெண் சிரிக்கவில்லை, நல்ல பெண்.
"இது உங்களுடையது, அக்கா. கட்டினால்
மாதம் ஒன்றாகப் பின்னால் போகும்.
பன்னிரண்டு கட்டம்தானே."

தனமும் பாக்கியமும் சேர்த்து வைத்த பெயர்.
வீட்டுக்கு வந்து பாரத்தில் எழுதும்போது
பேனா பாதியில் நின்றது:
பாக்கி.
அப்பா இதைக் கவனித்திருக்க மாட்டார்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம்.
மன்னிக்கவும், திருத்திவிட்டோம்.
மகன் படித்துக் காட்டினான், மலாயில்,
இரண்டுமுறை படிக்கச் சொன்னேன்.
அன்றைக்குக் கோழி வாங்கினோம்.

ராத்திரிதான் தோன்றியது:
என் தாளிலிருந்து இறங்கியது
எங்கே ஏறியிருக்கும்?
அவளும் எங்கோ ஒரு கவுண்டரில்,
திரை அவள் பக்கம் திரும்ப,
ஒன்றும் சொல்லாமல் நிற்பாளோ.
இத்தனை மாதம் அவள் பாக்கியை
நான் வைத்திருந்தேன்.
அந்த இடைவெளியில் அவளுக்கு யாராவது
சரி என்று சொல்லியிருந்தால்
நல்லது.

இன்று கார்டுக்கு நூற்றெண்பது கட்டினேன்.
இன்னும் எட்டுக் கட்டம்.
சிக்னலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில்
ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிய பெண்,
கூடையில் முட்டைத்தட்டு, ஒரு காலை ஊன்றி.
கண்ணாடியைத் திறந்துவிட்டேன்.
கட்டிட்டியாம்மா
என்று கேட்க வாய் வந்தது.
பச்சை விழுந்ததும்
எனக்கு முன்னால் போய்விட்டாள்.