கோப்புப் படம்

எங்கோ ஒரு நகரத்தில் குண்டு வெடித்தால்
எட்டு மணிச் செய்தியில் என் முதுகு நடக்கும்.

பதினொரு வருசமாக நடக்கிறது.
டோட்முண்ட், வடக்குச் சந்தை, மார்கழிச் சனிக்கிழமை.
சாம்பல் கோட், கறுப்பு முக்காடு,
இடது காலைச் சற்றே இழுக்கும் நடை.
நாலே நாலு விநாடி.

முதல் தடவை பைறூஸ்தான் கண்டுபிடித்தார்:
"ஜெஸீமா, இது நீயெல்லோ!"
சோற்றுக் கையோடு ஓடிவந்து பார்த்தேன்.
சிரித்தோம், ரிவியில் வந்துவிட்டேனென்று.
செய்தி என்னவென்று பிறகுதான் காதில் விழுந்தது.

வலையமைப்பு என்கிறார் வாசிப்பவர்,
நம் தெருக்களில் விரியும் வலையமைப்பு.
வலைதான். மறுக்கவில்லை.
சிவப்பு வலை, உள்ளே இரண்டு கிலோ வெங்காயம்.
மற்றப் பையில் லீக்ஸ், மீன்,
ஹஸ்னாவுக்கு மஞ்சள் மழைச் சப்பாத்து,
அடுத்த வருசத்துக்கும் ஆகட்டுமென்று ஓர் அளவு பெரிதாக.
அவள் இப்போது என்னைவிட உயரம்.
நான்தான் அந்த நாலு விநாடிக்குள்ளிருந்து
இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

மறுநாள் சலவை ஆலையில் உல்ரிக்கே
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சொல்வாள்:
"உன்னைச் சொல்லவில்லை, ஜெஸீமா."
பின்னே யாரை என்று கேட்டால்
நேற்று ரிவியில் போனவளை என்பாள்.

யாழ்ப்பாணத்தை விட்டு
இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்ன அன்றும்
முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடந்தோம்,
தெரு முழுக்க.
அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

நிலையத்துக்கு எழுதினேன்.
வேற்றுமைகளை ஹஸ்னா திருத்தினாள்.
மரியாதையான பதில், நீல மையில் கையெழுத்து:
முகம் பதிவாகவில்லை,
ஆகையால் அது தாங்கள்தான் என்று
எவராலும் அடையாளம் காண இயலாது.

கோட்டைப் பழந்துணிப் பெட்டிக்குள் தள்ளினேன்.
கை ஒன்று வெளியே தொங்கியது, அதையும் தள்ளினேன்.

போன சனி, மீன்கடை வரிசை.
எனக்கு முன்னால் நிற்கிறது என் முதுகு.
அதே சாம்பல். வலத்தோளில்
நான் போட்ட கறுப்பு நூல் தையல்.
மேலே வெள்ளை முடி, இரண்டு கொண்டை ஊசி:
மூன்றாம் மாடிக் கோவால்ஸ்கி.
அவளை ஒட்டி நின்ற தாய்
பிள்ளையை இழுத்து அணைக்கவில்லை.

இடது பாக்கெட் ஓட்டை.
சொல்ல வாயெடுத்தேன், அதற்குள்
சில்லறை சிதறி உருண்டது.
வரிசையே குனிந்தது.
கழுத்தில் பச்சை குத்திய பையன் முழங்காலில் இறங்கி
மீன்பெட்டிக்கு அடியில் கைவிட்டான்.
இருபது சென்ட் ஒன்று என் சப்பாத்தடியில்.
எடுத்து நீட்டினேன். திரும்பினாள்.

நல்ல கோட், என்றேன்.
நல்ல கதகதப்பு, என்றாள்.
யாருடையதோ.