அரைக்கால் திருப்பு

வாடிப்பட்டி தாண்டி, சிறுமலை நிழல் விழும் பக்கம்
தரைக்குக் கீழே எங்கள் கிடங்கு.
மேலே அக்கினி நட்சத்திரம்
தார் ரோட்டை உருக்கும்போதும்
கீழே நான் ஸ்வெட்டர் போட்டிருப்பேன்.

ஷாம்பெயின் என்று சொல்லக் கூடாது.
அது வேறோர் ஊரின் பேர்.
ஓசூர்ப் பூவை எவனோ மதுரை மல்லி என்று விற்றால்
நிலக்கோட்டைச் சந்தை சும்மா விடுமா,
அது போல என்றார் ஞானாதிக்கம்.
விளங்கிவிட்டது.

பழுக்குமுன் பறிக்கிறோம்,
விடியுமுன்.
நாக்கில் வைத்தால் கண் சுருங்கும் புளிப்பு.
பழமண்டிக்காரர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஒருமுறை நொதித்ததைப் புட்டியில் ஊற்றி
ஈஸ்டும் கொஞ்சம் சர்க்கரையும் தந்து மூடிவிட்டால்
உள்ளே நடப்பது உள்ளேயே நடக்கும்.
லாரி டயர் போல இறுகும்.
என் முகவாய்த் தழும்புக்கு அது தெரியும்.
போன பங்குனியில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்த ராத்திரி
ஒன்று வெடித்தது, அடுத்தது, அதற்கடுத்தது.
பிறகு எல்லாப் புட்டியும் என்னையே பார்ப்பது போல
ஓர் அமைதி.
பதினேழு போச்சு.
முகக்கூண்டை நெற்றிக்கு மேல் ஏற்றியிருந்தேன்.
என் தப்புதான்.

இரண்டரை வருஷம் படுக்கை.
அப்புறம் பலகைத் துளையில் கழுத்தைச் சொருகி
தினமும் அரைக்கால் திருப்பு.
கூடினால் வண்டல் மிரளும்,
குறைந்தால் ஒட்டிக்கொள்ளும்.
பச்சைப்பிள்ளைக்கு மண்டை சப்பையாகாமல்,
தூக்கமும் கலையாமல்
தலையை மாற்றி வைப்போமே, அந்த விசை.
இரண்டு கையும் சேர்ந்து, டக், டக்,
மணிக்கு மூவாயிரம்.
வீட்டுக்கு வந்து தம்ளரையும் திருப்பி வைக்கிறேன்.
மகள் சிரிக்கிறாள்.

வண்டல் கழுத்துக்கு இறங்கியதும்
கழுத்தை மட்டும் உறையவைத்து
மூடியைத் தட்டினால்
அழுக்கு தானே குண்டாய்ப் பாயும்.
கட்டைவிரல் உடனே அடைக்கணும்.
ஒரு மூச்சுத் தாமதம், ஒரு விரற்கடை நஷ்டம்.

கடைசிச் சர்க்கரை ஞானாதிக்கம் பாடு.
நான்கு நாள் பச்சை வெங்காயம் தொடமாட்டார்,
வெற்றிலை கிடையாது.
ஆறு கிராமா, எட்டா,
உறிஞ்சித் துப்பி, உறிஞ்சித் துப்பி,
"பவுனுத்தாயி, மோந்து பாரு" என்றார்.
மாவுப் பானையை ஊறவைத்த மறுநாள் வாசம், என்றேன்.
அடியில் நாரத்தை இலை.
லேபிளில் 'வெண்ணெய் ரொட்டி' என்று அச்சாகி வந்தது.
நாரத்தையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

சனிக்கிழமை மகள் போனில் காட்டினாள்:
மாட்டுத்தாவணிப் பக்கம் ஏதோ ஓட்டல் மாடி,
கார் கம்பெனி விழா.
கோட்டைக் கழற்றிய ஒருத்தன்
எங்கள் புட்டியைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிக்
கூட்டத்தின் மேல் அடிக்கிறான்.
அதிராமல் இரண்டரை வருஷம் வைத்தது.
"ஐயோ அம்மா" என்றாள்.

நான் நிறுத்தி, பின்னால் ஓட்டி,
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நுரை சன்னம்.
அந்தாள் வெள்ளைச் சட்டையில்
ஒரு பொட்டுக் கலங்கல் இல்லை.