கட

குமார் நகரில், பனியனுக்குக் கழுத்து லேபிள் நெய்கிற
யூனிட்டின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ்.
கீழே தறி ஓடினால்
என் டீ டம்ளர் மேசைமேல் கொஞ்சம் நகரும்.

நாச்சிமுத்து புரோக்கர் ஏறி வந்தார், மூச்சு வாங்க.
நான் செய்துகொடுத்த தளத்தில்
விளம்பரம் ஒவ்வொன்றுக்கும்
முகவரியின் வாலில் ஓர் எண்.
"நாலாயிரத்தி நானூத்திப் பதினேழு.
லாட்ஜ் ரூம் நம்பராட்டம் இருக்குதுங்.
படிச்சா என்ன சாமான்னு தெரியோணும் அம்மிணி."

தெரியோணும். சரி.
தலைப்பை எடு,
இடைவெளி வந்தால் சிறுகோடு போடு,
எழுத்தல்லாததை உதறு.
நாலு வரி நிரல்.
மதியச் சோற்றுக்கு முன்பே முடிந்தது.

நாச்சிமுத்து சொல்லில் கஞ்சர்.
காடு, என்று ஒரு தலைப்பு, கீழே போன் நம்பர்.
கடை, என்று ஒன்று.
யாரோ கடனுக்கு ஈடாக இறக்கிவிட்டுப் போன
ஒரு லோடு பிளாஸ்டிக் சாமானுக்கு
கூடை, என்று ஒன்று.

ஓட்டிப் பார்த்தேன்.

கட
கட-2
கட-3

என்றது திரை.
எதைக் கடக்க?

துணைக்காலும் கொம்பும் சுழியும் புள்ளியும்
எழுத்தே இல்லை என்று
எங்கோ எவனோ முடிவுகட்டிய நூலகம்,
எல்லாவற்றையும் உதறிவிட்டிருந்தது.
சோளம் விதைத்த காடும் ஷட்டர் இறக்கிய கடையும்
அதற்கு ஒன்று.
பவானி, பவன.
கொடுமுடி, கடமட.
ஊத்துக்குளியை வாய்விட்டுப் படித்தேன்: ஊததககள.
"விக்கலா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள் பர்வீன்.

கொம்பை வெட்டிவிட்டுக்
காங்கயம் காளையென்று சந்தைக்கு ஓட்ட முடியுமா?
ஒரு வரி சேர்த்தேன்.
கால் வந்தது, கொம்பு வந்தது, புள்ளி வந்து தலையில் உட்கார்ந்தது.
முகவரிப் பட்டையில் காடு
காடாகவே நின்றது.

அதை அவர் வாட்ஸப்பில் ஒட்டினார்.
ஒட்டிய இடத்தில் காடு இல்லை.
சதவீதக் குறிகள், இடையிடையே எண்ணும் எழுத்தும்,
புற்றை மிதித்தது போல.
"பன்னண்டு பர்சண்டுங்களா?" எண்ணிப் பார்த்தே கேட்டார்.
"எம்பட கமிஷனே ரெண்டுதானுங்."

அப்புறம் ஆங்கில எழுத்துக்குப் போனோம்.
ஒற்றை ஏ போட்டால் கடு,
இரட்டை போட்டால்தான் காடு.
ழகரத்துக்கு மட்டும் பர்வீனும் நானும்
ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தோம்.
அவரிடம் காடுகள் நிறைய.
காடு-2, காடு-3 என்று போய்க்
குன்னத்தூர்ப் பக்கம் நாலு ஏக்கர்
காடு-7 ஆனது.

ஐப்பசியில் தலைப்பைத் திருத்தினார்.
சைட்.
படமும் மாறியிருந்தது: மஞ்சள் அடித்த கல், வரிசையாக,
ஒரு கல்லோரம் அறுத்த தட்டின் அடிக்கட்டை.

பெயர் மாறினாலும் பழைய முகவரி சாகக் கூடாது
என்று முன்பே ஓர் அட்டவணை வைத்திருந்தேன்.
காடு-7 என்று வருகிறவரை
முந்நூற்றி ஒன்று என்று சொல்லி,
அதாவது, நிரந்தரமாக இடம்பெயர்ந்தது என்று சொல்லி,
கையைப் பிடித்து சைட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

வெள்ளிக்கிழமை, கீழே தறிச் சத்தத்தில்
பாதிதான் கேட்டது போனில்.
"பழைய லிங்கை எடுத்துப் போடுங்.
சைட் கேட்டு வர்றவன், இது காடாட்டம் இருந்துச்சாமேங்குறான்."

எடுத்தா நானூத்தி நாலு வருமுங்க.

"அப்படின்னா?"

காணோம்னு அர்த்தமுங்க.

தறி நின்றது. ஷிப்ட் மாறுகிற நேரம்.
அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.

"அதுவும் நெசந்தானுங்களே" என்றார்.

திங்கட்கிழமை பார்க்கலாமுங்க என்றேன்.
டம்ளர் நகராமல் இருந்தது.