இதுதான் ஃபைனல்

பொத்தானை அழுத்திவிட்டு ரோட்டைக் கடந்து போய்
ஒரு கட்டன்சாயா குடித்துத் திரும்பினாலும்
நீல வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும் என்றார்
கருங்கல் ரோஸ்மலர் ஸ்டுடியோ ததேயுஸ்.
"புதுசு வாங்கச் சொல்லாத பிள்ளே,
இதை ஒண்ணு எழுப்பித் தந்தா போதும்."

ஸ்க்ரூ நாலில் மூன்றுதான் இருந்தது.
மூடியைக் கழற்றினேன்.
பல்லிமுட்டை இரண்டு,
விசிறியின் இறகுகளில்
பத்து வருஷத்துத் தூசி கம்பளியாய்த் திரண்டு.
வாசலுக்குத் தூக்கிப்போய் ஊதினேன்.
பக்கத்து ஜவுளிக்கடைக்காரி முகம் சுளித்தாள்.
ரேமைப் பிடுங்கி அதன் மஞ்சள் பல்வரிசையைப்
பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்தேன்.
இந்த ஜில்லாவில் ரப்பருக்கா பஞ்சம்.

திரை வந்தது.
வேளாங்கண்ணி மாதா படத்தின் மேல்
இருநூறு ஐக்கான்கள்.
முகத்தில் மட்டும் ஒன்றையும் வைக்கவில்லை.
உடனே
பதினான்கு மென்பொருள்கள் ஒன்றாய் எழுந்து
முதல் பந்திக்கு இடம்பிடிக்க ஓடின.
அதில் வைரஸ் காவலர்களே மூன்று பேர்,
ஒருவர் மடியை ஒருவர் சோதித்தபடி.
பதினொன்றை உட்காரச் சொன்னேன்:
கூப்பிடும்போது வந்தால் மதி.

சி டிரைவ் சிவப்பு.
குப்பைத்தொட்டியைத் திறந்தால் நாற்பத்தெட்டு ஜி.பி.
"அதெல்லாம் அப்பவே தூரப் போட்டதாக்கும்."
போடவில்லை அண்ணே,
கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறீர்கள்.

பிறகு கல்யாணங்கள்.
ஒவ்வொன்றும் நான்கு தடவை நடந்திருந்தது:
ஃபைனல்,
ஃபைனல் புதுசு,
ஃபைனல் மாமியார் திருத்தம்,
இதுதான் ஃபைனல்.
ஒன்றை வைத்து மூன்றை அழிக்கவா என்று
கேட்டுக் கேட்டு அழித்தேன்.
ஏத்தங்காய் உப்பேரி கொறித்தபடி
'ம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கிடந்தது அறுபத்திரண்டு ஜி.பி.
விஜிலா வெட்ஸ் ஆல்பின்.
யாரும் வாங்க வராத உருப்படி.

உப்பேரிச் சத்தம் நின்றது.
"மேக்கப்புல ஆளு தெரியல்ல, பாத்தியா" என்றார்.
பிறகு, யாருமே வந்து நிற்காத கவுண்டருக்கு
அவசரமாக எழுந்து போனார்.

கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது
தொழில்முறை. பார்த்தேன்.
கெடவில்லை.
மண்டபத்தில் அவன் என் காதில் ஏதோ சொல்கிறான்,
நான் சிரிக்கிறேன். நடிப்பில்லை, சிரிக்கிறேன்.
என்ன சொன்னான் என்பது
மேலே ஒட்டிய பாட்டில் அமுங்கிவிட்டது.
பத்மநாபபுரம் கோர்ட்டில் மூன்று வருஷம்
இரண்டு வக்கீல் வைத்துப் பேசியதிலும்
அந்த வாக்கியம் வரவில்லை.

நானூற்றுப் பதினேழாம் படத்தில்
குடும்பம் மொத்தமும் கேமராவைப் பார்க்கிறது.
நான் மட்டும், மந்திரகோடியும் மாலையுமாக,
மேடையோரத்து மைக்செட்டில் கழன்ற ஒயரைப்
பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
அதை மட்டும் பென்டிரைவில் எடுத்தேன்.
நாலு எம்.பி.

மற்றதையெல்லாம் வளைத்துப் பிடித்து,
தொட்டியில் தங்காமல் நேரே போகச்செய்யும்
இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினேன்.
நிரந்தரமாக அழிக்க நிச்சயமா என்றது.
எல்லோரிடமும் கேட்பதுதான்.
பச்சைக்கோடு ஊர்ந்தது.
இடையில் ஒருமுறை நின்று
மூச்சு வாங்கி
மறுபடி ஊர்ந்தது.

அணைத்துப் போட்டோம். நாற்பத்தொரு விநாடி.
விசிறியின் இரைச்சல் அடங்கிய கடைக்குள்
தொடுவட்டி, தொடுவட்டி என்று
கண்டக்டர் விளிப்பது கேட்டது.

ஆல்பத்துக்கு எங்கள் வீட்டில் ஆறாயிரம் பாக்கி.
அவர் கேட்கவில்லை.
என் கூலி எண்ணூறை
நானும் குறைக்கவில்லை.

"இப்ப எவ்வளவு எடம் கெடக்கு?"
இருநூற்றுப் பதினொன்று.
"அம்மாடி. அவ்வளவா?"
மூணு கல்யாணம் கொள்ளும் அண்ணே,
ஒவ்வொன்றையும் ஒரே தடவை நடத்தினால்.