தொண்டிக்கு மேலே

முனீஸ்வரன் கோவில் தெருக் கடையில்
நான் கணக்கு எழுதுகிறேன்.
பழைய சாமான்தான் சரக்கு, ஆனால்
எதையும் பழசாக விற்பதில்லை.
ஆட்டுக்கல் பூச்செடிக்குப் போகிறது.
இடித்த வீட்டு நிலைக்கு
முகம் பார்க்கும் கண்ணாடி போட்டால் விலை மூன்று மடங்கு.
ஜபருல்லா அண்ணன் இதற்கு ஆல்டரேஷன் என்பார்.
நோட்டில் தனிப் பத்தியே உண்டு.

கார்த்திகையில் லரீசா என்று ஒருத்தி
கார்கிவிலிருந்து இரட்டைக் கதவு கேட்டாள்.
வாட்ஸப்பில் படம், அளவு, பாதி அட்வான்ஸ்.
செதுக்கிய யானைகளில் ஒன்றுக்குத்
துதிக்கை இல்லை என்று முன்பே சொன்னோம்.
பரவாயில்லை, இங்கே எல்லாவற்றிலும்
ஏதோ ஒன்று இல்லை என்று பதில் வந்தது.
அவள் வாசலுக்குத் தோதாக
ஆரோக்கியம் கீழ்க்குடுமியை அறுத்துவிட்டுப்
பித்தளைக் கீல் மாட்டினார்.

மாசியில் இன்னொரு செய்தி.
கதவை அனுப்ப வேண்டாம்.
மாட்டச் சுவர் இல்லை.
கூடவே ஒரு வீடியோ.

கிட்டங்கியில் அறுபது வருஷம் கிடந்த குண்டு.
ஐந்நூறு கிலோ, கண் கிடையாது,
போட்டால் விழும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
அதன் முதுகில் சட்டம் கட்டி
மடக்குச் சிறகு இரண்டு வைத்து
வழி சொல்ல ஒரு சில்லு செருகியிருக்கிறார்கள்.
விமானம் கைவிட்டதும்
வில் தெறித்துச் சிறகு விரிகிறது.
எஞ்சின் இல்லை.
சறுக்கிக்கொண்டே வருகிறது, அறுபது கிலோமீட்டர்.

ஆரோக்கியம் படத்தை நிறுத்தச் சொன்னார்.
விரலால் பெரிதாக்கிச்
சிறகு உடம்போடு சேரும் இடத்தைப் பார்த்தார்.
"பிசிறுகூடத் தட்டல.
ஒரே ஒரு தடவ தெறக்கிற கீலுதானே."

அறுபது கிலோமீட்டர். எனக்கு பஸ் கணக்குதான் வரும்.
தொண்டிக் கடலுக்கு மேலே விட்டுவிட்டு
அவன் திரும்பிவிடலாம்.
தேவகோட்டையில் யாராவது துணி காயப்போட நிமிர்ந்தால்
பருந்து என்று நினைப்பார்கள்.
எங்கள் தெருவுக்கு அது வரும்போது
பாதி வழி போயிருப்பான்,
காரைக்குடி என்ற பெயரைக்கூடக் கேட்காமல்.

ஜபருல்லா அண்ணன் என்ன விலை ஆகுமாம் என்றார்.
ஏவுகணையில் கால்வாசிகூட இல்லையாம் என்றேன்.
தலையாட்டினார், வியாபாரி ஆட்டுகிற மாதிரி.
பிறகு யார் முகத்தையும் பார்க்காமல்
டீ சொல்லப் போனார்.

அட்வான்ஸைத் திருப்பினோம். அவள் வாங்கவில்லை.
கதவு திறக்கும் சத்தத்தை மட்டும்
பதிவு செய்து அனுப்பச் சொன்னாள்.

கொல்லையில் வேப்பமரத்தோடு சேர்த்துக்
கயிற்றால் நிலையைக் கட்டினோம்.
தள்ளிப் பார்த்தால்
புதுக் கீல் மூச்சே விடவில்லை.
ஆரோக்கியம் கொஞ்ச நேரம் நின்றார்.
மரக்குவியலைக் கிளறி, அறுத்த குடுமியைத் தேடியெடுத்து
ஆணியடித்து ஒட்டவைத்தார்.
பித்தளையைக் கழற்றினார்.
செடி வைக்க வைத்திருந்த ஆட்டுக்கல்லை உருட்டி வந்து
அதன் குழியில் குடுமியை இறக்கினார்.

ஏழு விநாடி. நீளமான முனகல்,
நடுவில் பக்கத்து வீட்டுச் சேவல்.

அனுப்பிவிட்டு
ஆல்டரேஷன் பத்தியில் எழுதியிருந்த கூலியை
ஸ்கேல் வைத்து அடித்தேன்.