முதுகு

பதினோரு வருடமாக எனக்கு
அவன் முதுகு மட்டும்தான் பழக்கம்.
கிழிந்த மேலங்கி, இடப்பக்கம் சாய்ந்த விளக்கு,
மழையில் நிறுத்தி வைத்தால் ஒரு பெருமூச்சு.

இப்போது வூட்ஜ் நகரத்து டிராம் நிறுத்தத்தில்
பனி ஒட்டிய சுவரொட்டியிலிருந்து
யாரோ ஒருவன் திரும்பிப் பார்க்கிறான்.
நல்ல தாடை. காசு செலவழித்த பற்கள்.

"டிரெய்லரில் வசனமெல்லாம் பேசுகிறான்" என்றான் ஸ்வாவோமிர்,
இழவு சொல்வதுபோல.
பேசாதவனுக்கும் சேர்த்து
அதிகாலை மூன்று மணிக்கு
போலிஷில் கெட்ட வார்த்தை சொன்னது நானல்லவா?

போகவே மாட்டேன் என்றவள்தான்
முதல் காட்சியில், ஏழாம் வரிசையில்.

பாலம் வந்தது.
உடைந்த மூன்றாவது பலகை,
நாற்பது முறை நாங்கள் செத்த இடம்.

இருக்கையின் கைப்பிடியில்
என் கட்டைவிரல் அழுத்துவதற்குள்
அவன்பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டான்.